உங்க பியானோ பீஸை நீங்களே ஆர்கெஸ்ட்ராவுக்கு மாத்தி எழுதறது எப்படி: ராவெல் பண்ணதை பக்கத்துல வெச்சுக்கிட்டு ஒரு முழு வழிகாட்டி

கீபோர்டுல உக்காந்து ஒரு பீஸ் போட்டாச்சு, நல்லா வந்திருக்கு, நாலு பேர் கேட்டுட்டு "இது ஆர்கெஸ்ட்ரால வந்தா செமையா இருக்கும்"னு சொல்லிட்டாங்க, உங்களுக்கும் ஆசை வந்துடுச்சு. அடுத்து என்ன பண்ணுவோம்? மிடி ட்ராக்கை (கீபோர்டுல வாசிச்சது கம்ப்யூட்டர்ல பதிவானது) அப்படியே காப்பி பண்ணி வலது கையை வயலினுக்கும் இடது கையை செல்லோவுக்கும் போடுவோம், மேல கொஞ்சம் ஃப்ளூட், உச்சத்துல ட்ரம்பெட். நானும் இதைத்தான் முதல்ல பண்ணேன். வந்தது என்னன்னா, ஒரு பெரிய சைஸ் ஹார்மோனியம். கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆன கதைதான், நாற்பது வாத்தியத்தை சேர்த்து சத்தத்தை சின்னதாக்கியிருந்தேன்.

ஏன் அப்படி ஆச்சுன்னு புரியறதுக்கு எனக்கு உதவினவர் பிரெஞ்சு கம்போசர் மோரிஸ் ராவெல். தன் பியானோ மியூசிக்கை தானே ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதறதுல அவர் அளவுக்கு விடாம வேலை பார்த்த ஆள் ரொம்ப கம்மி. 1899ல எழுதின 'பவான்' 1910ல ஆர்கெஸ்ட்ராவுக்கு வந்துச்சு. ரெண்டு குழந்தைங்க சேர்ந்து வாசிக்க எழுதின 'மா மேர் லுவா' 1910, அதோட ஆர்கெஸ்ட்ரா வடிவம் 1911. 1895ல எழுதின 'மெனுவே ஆண்டிக்'கை 34 வருஷம் கழிச்சு 1929ல எடுத்து எழுதினார். இவரோட பியானோ நோட்டு ஒண்ணு, ஆர்கெஸ்ட்ரா ஸ்கோர் (எல்லா வாத்தியத்தோட வரியும் ஒண்ணா இருக்கிற நோட்டு) ஒண்ணு, ரெண்டையும் பக்கத்து பக்கத்துல திறந்து வெச்சு பார் பாரா, அதாவது தாளக் கட்டம் கட்டமா, பாருங்க. அதைவிட நல்ல வாத்தியார் எனக்குத் தெரிஞ்சு கிடையாது.

முதல் வேலை: எதை எடுக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணுங்க

'லெ தோம்போ த கூப்ரான்'னு ஒரு தொகுப்பு. 1914ல இருந்து 1917 வரைக்கும், நடுவுல போருக்கும் போய் வந்து, ராவெல் பியானோவுக்கு எழுதினது. மொத்தம் ஆறு பகுதி, ஒவ்வொண்ணும் முதல் உலகப்போர்ல செத்துப்போன தெரிஞ்சவங்களுக்கு சமர்ப்பணம். 1919ல இதை ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதும்போது அவர் எடுத்தது நாலே நாலு: ப்ரெலூட், ஃபோர்லான், மெனுவே, ரிகோடோன். ஃபியூகையும் டொக்காட்டாவையும் தொடவே இல்ல.

டொக்காட்டாவை கேட்டுப் பாருங்க, காரணம் உங்க காதுலயே விழும்னு நினைக்கிறேன். அது முழுக்க ஒரே சுரத்தை ரெண்டு கையும் மாத்தி மாத்தி தட்டுற வேலை, பியானோ சுத்தியல் கம்பியில படுற அந்த அடிதான் அதோட உயிர். (இது என் ஊகம், அவர் வாயால சொன்னதில்ல. பின்னாடி வேற ஆட்கள் அந்த ரெண்டையும் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதியும் இருக்காங்க.) அதோட வரிசையையும் மாத்தினார். பியானோல ரிகோடோன் முதல்ல வரும், மெனுவே அப்புறம். ஆர்கெஸ்ட்ராவுல மெனுவே முன்னாடி போயி, துள்ளலான ரிகோடோன் கடைசிக்கு வந்துடுச்சு. டொக்காட்டா போனதும் முடிக்கறதுக்கு வேகமா ஒண்ணு வேணும்ல.

அதனால உங்க பீஸ்ல எந்த இடம் "விரல் சுகத்துக்காக" மட்டும் இருக்குன்னு பென்சில்ல வட்டம் போடுங்க. கீபோர்டுல வாசிக்க ஜாலியா இருக்குங்கிறதுக்காகவே இருக்கிற ஓட்டம், கை தானா போற பேட்டர்ன், இதெல்லாம் ஒண்ணு விடணும், இல்ல முழுசா வேற மாதிரி யோசிக்கணும்.

அடுத்தது: பெடல்ல இருந்து காலை எடுங்க

என்னைக் கேட்டா மொத்த விஷயமும் இந்த இடத்துலதான் இருக்கு, அதனால கொஞ்சம் நிதானமா படிங்க.

உங்க பீஸை பெடலே போடாம ஒரு தடவை வாசிச்சு ரெக்கார்ட் பண்ணிக் கேளுங்க. எலும்புக்கூடு மாதிரி இருக்கும். இப்ப பெடலோட கேளுங்க. ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் இருக்கே, அந்த நிறைவு, அந்த ரீங்காரம், அதை நீங்க நோட்டேஷன்ல எழுதவே இல்ல, உங்க காலும் பியானோவோட மரமும் சேர்ந்து எழுதினது அது. ஆர்கெஸ்ட்ராவுல பெடல் கிடையாது. நீங்க எழுதாத ஒரு சுரம் கூட அங்க தொங்காது. அதனாலதான் மிடியை காப்பி பண்ணா வறட்டுனு இருக்கு.

இன்னொண்ணும் இருக்கு. பியானோல ஒரு சுரத்தை அடிச்ச அடுத்த நொடியே அது தேய ஆரம்பிக்கும், நாம நாலு பீட் நீட்டி எழுதினாலும் காதுல விழறது ஒரு அடியும் ஒரு தேய்மானமும்தான். அதையே ஒரு ஹார்ன் கிட்ட குடுத்தா நாலு பீட்டும் அதே பலத்துல நிக்கும், வேணும்னா நடுவுல பெருசாகவும் செய்யும். அதனால பியானோ ஸ்கோர்ல இருக்கிற ஒவ்வொரு நீள சுரத்தையும் பார்த்து கேளுங்க: இது நிஜமாவே நீளணுமா, இல்ல அடிச்சுட்டு மறையணுமா? மறையணும்னா ஹார்ப், பிட்சிகாட்டோ (அதாவது வில் போடாம விரலால சுண்டறது), இல்லன்னா ஒரு ஆள் அடிச்சு ஆரம்பிச்சு இன்னொரு ஆள் ரொம்ப மெல்லிசா பிடிச்சு வைக்கிறது.

இதை நடைமுறைல பண்ண, முழு ஸ்கோர் பேப்பர் பக்கமே போகாம நாலு வரி மட்டும் எடுத்துக்கோங்க. ஒரு வரியில மெலடி. ஒரு வரியில பேஸ். ஒரு வரியில நடுவுல நடக்கிற அசைவு, அதாவது ஆர்பெஜியோ (கார்டோட சுரங்களை ஒவ்வொண்ணா உருட்டி வாசிக்கிறது), தாளம், எதிர் மெலடி எல்லாம். நாலாவது வரியில பெடல் என்னென்ன சுரத்தை பிடிச்சு வெச்சிருந்ததோ அதை எழுதுங்க. இந்த நாலாவது வரி பியானோ நோட்டுல இருக்காது, நீங்களா காதால கேட்டு எடுக்கணும். அதைத்தான் பின்னாடி ரெண்டு ஹார்னோ, கிளாரினெட்டும் பஸ்ஸூனுமோ, பிரிச்சு எழுதின வியோலாவோ வாங்கிக்கும்.

ராவெலுக்கே இது ஒரு தடவை உதைச்சிருக்கு. 'கடல் மேல ஒரு படகு'ன்னு அர்த்தம் வர்ற அவரோட பியானோ பீஸ், முழுக்க பெடல்ல மிதக்கிற ஆர்பெஜியோ. 1906ல ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதினார், 1907ல பாரிஸ்ல வாசிச்சாங்க, அவருக்கே பிடிக்கல, எடுத்து உள்ள வெச்சுட்டார். அவர் உயிரோட இருந்த வரைக்கும் அந்த ஸ்கோர் அச்சுக்கு வரல. ராவெலுக்கே அந்த கதின்னா, நம்ம முதல் முயற்சி சொதப்பினா அழ வேண்டியதில்ல.

எத்தனை பேர்: அகலக்கால் வைக்காதீங்க

நோட்டேஷன் சாஃப்ட்வேர்ல புது ஃபைல் திறந்தா முழு ஆர்கெஸ்ட்ரா டெம்ப்ளேட் வரும், நாலு ஹார்ன் மூணு ட்ராம்போன் ட்யூபான்னு, பார்த்தாலே கை அரிக்கும். அத்தனையும் காலியா இருக்கேன்னு ரொப்ப ஆரம்பிப்போம். வேண்டாம்.

தோம்போவுக்கு ராவெல் எடுத்தது ரெண்டு ஃப்ளூட், ரெண்டு ஓபோ, ரெண்டு கிளாரினெட், ரெண்டு பஸ்ஸூன், ரெண்டு ஹார்ன், ஒரே ஒரு ட்ரம்பெட், ஒரு ஹார்ப், அப்புறம் ஸ்ட்ரிங்ஸ் (வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ்). ட்ராம்போன் இல்ல, டிம்பனி கூட இல்ல. ஆனா 1918ல 'அல்போராதா தெல் கிராசியோசோ'வை எழுதும்போது ரெண்டு ஹார்ப், காஸ்டனெட், டாம்பரின், சைலஃபோன்னு கடையையே விரிச்சுட்டார். அது ஸ்பானிஷ் கிடார் அடி அடிக்கிற பீஸ், அதுக்கு அது வேணும். பீஸ் கேக்கறதைக் குடுங்க. முதல் தடவைன்னா வெறும் ஸ்ட்ரிங்ஸ் மட்டும் போதும். நார்வே கம்போசர் க்ரீக் தன்னோட ஹோல்பெர்க் சூட்டை 1884ல பியானோவுக்கு எழுதி 1885ல ஸ்ட்ரிங்ஸுக்கு மட்டும்தான் மாத்தினார், இன்னிக்கு வரைக்கும் பியானோ வடிவத்தைவிட அதைத்தான் எல்லாரும் கேக்கறோம்.

ஸ்ட்ரிங்ஸ் மட்டும்னு இறங்கினா அமெரிக்க கம்போசர் சாமுவேல் பார்பரோட அடாஜியோவையும் பாருங்க. 1936ல ஸ்ட்ரிங் குவார்டெட்டோட ஒரு பகுதி, ஸ்ட்ரிங் ஆர்கெஸ்ட்ராவுக்கு அவரே மாத்தி 1938ல கண்டக்டர் டாஸ்கானினி நடத்தினார். செல்லோ வரியை டபுள் பேஸ் கூடவே இழுத்துக்கிட்டு போகலாமேன்னு தோணும், அவர் அப்படி பண்ணல, உச்சத்துக்கு ஏறுற இடத்துல டபுள் பேஸ் சும்மா உக்காந்திருக்கு. தரையே இல்லாத மாதிரி ஒரு உணர்வு வருதுல்ல அங்க, அதுக்கு இது ஒரு காரணம்.

யாருக்கு மெலடி

இதுல ரூல் எல்லாம் கிடையாது, ரசனைதான். ஆனா கவனிக்க வேண்டியது ஒண்ணு உண்டு: எந்த வாத்தியம் அந்த மெலடியை வாசிக்க கொஞ்சம் கஷ்டப்படுமோ, சில சமயம் அதுக்கு குடுத்தாத்தான் உயிர் வரும். பவான்ல முதல் மெலடி தனி ஹார்னுக்கு. வயலினுக்கு குடுத்திருந்தா பத்தோட பதினொண்ணா போயிருக்கும். ஹார்ன்ல அந்த மென்மையான உயரத்துல வாசிக்கிற ஆளுக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம் இருக்கும், அந்த பயமே பாட்டுல ஒரு நடுக்கமா வருது. அல்போராதாவோட நடுப்பகுதியில தனியா புலம்பற மெலடி பஸ்ஸூனுக்கு. தோம்போ ப்ரெலூட்ல பியானோ விரல் சுத்திச் சுத்தி ஓடுற அந்த நீரோட்டம் ஓபோவுக்கு, இன்னிக்கு ஆர்கெஸ்ட்ரா வேலைக்கு ஆடிஷன் போற ஓபோக்காரங்க பயந்து பயந்து பிராக்டிஸ் பண்ற இடம் அது.

முக்கியமா, நல்ல கலரை எல்லாம் முதல் நிமிஷத்துலயே செலவு பண்ணிடாதீங்க. ட்ரம்பெட் முப்பத்தஞ்சாவது பார்ல முதல் தடவை வந்தா அது ஒரு சம்பவம், முதல் பார்ல இருந்தே பின்னாடி முனகிக்கிட்டு இருந்தா முப்பத்தஞ்சுல யாருக்கும் எதுவும் தோணாது.

நம்ம ஊர் கம்போசர்களுக்கு மட்டும் ஒரு தனி விஷயம். உங்க மெலடி ராகத்துல இருந்து வந்தது, கமகம் இருக்குன்னா, பன்னெண்டு வயலின் சேர்ந்து அந்த அசைவை வாசிச்சா குழைவு போயி கலங்கலாத்தான் வரும், ஏன்னா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு வேகத்துல இழுப்பாங்க. கமகம் வேணும்னா அதை ஒரு சோலோவுக்கு குடுங்க, மொத்த செக்‌ஷனுக்கு குடுக்கறதா இருந்தா அந்த அசைவை சுரம் சுரமா தாளக் கணக்கோட எழுதிடுங்க. "கொஞ்சம் ஃபீல் பண்ணி வாசிங்க"ன்னு சொல்றது ஸ்டாஃப் நோட்டேஷன் பார்த்து வாசிக்கிற இருபது பேர் கிட்ட செல்லாது.

பியானோ பாஷையை மொழிபெயர்க்காதீங்க, திருப்பி யோசிங்க

இடது கை ஆர்பெஜியோ, கீழ இருந்து மேல ரெண்டரை ஸ்தாயி ஓடுது. செல்லோக்கு அப்படியே குடுத்தா கம்பி தாண்டித் தாண்டி மூச்சு வாங்கும். அதோட வேலை என்ன? கார்டை நிரப்பணும், அசைவும் இருக்கணும். அப்ப அசைவை ரெண்டு கிளாரினெட்டுக்கு சின்ன எல்லைக்குள்ள குடுத்து, கார்டை வேற யாராவது பிடிக்கட்டும், பேஸை டபுள் பேஸ் ஒரே ஒரு பிட்சிகாட்டோல தொட்டுட்டு விடட்டும். மூணு வேலையையும் பியானோல ஒரே கை பார்த்துச்சு, இங்க மூணு ஆள் பார்க்குது.

க்ரீக் பண்ணதை பாருங்க. ஹோல்பெர்க் முதல் பகுதியில பியானோல ரெண்டு கையும் பிரிச்சு பிரிச்சு ஓட்டுற பதினாறாம் நோட்டு, ஸ்ட்ரிங்ஸ்ல குதிரை ஓடற மாதிரி டங்-டகடங்-டகன்னு மாறிடுச்சு. சுரம் அதே இல்ல, தாளம் கூட அதே இல்ல, ஆனா கேக்கறவனுக்கு அதே பாட்டுதான்.

ரெண்டு கை ஆக்டேவ்? பியானோல பலம் குடுக்கத்தான் அப்படி அடிக்கிறோம், இங்க பலம் வேற வழியில வரும், சும்மா எல்லாத்தையும் ரெட்டிக்காதீங்க. ட்ரெமலோ (சுரத்தை வேகமா நடுங்க வைக்கிறது) ஸ்ட்ரிங்ஸுக்கு சுலபம். வேகமா ஒரே சுரம் திரும்பத் திரும்ப வந்தா ஃப்ளூட், ட்ரம்பெட், ஹார்ன் நாக்கால தட்டி வாசிப்பாங்க, அல்போராதால அது இருக்கு, ஆனா ரொம்ப நேரம் தாங்காது.

சத்தக் கணக்கு

மிக்ஸர்ல ஃபேடரை ஏத்தி இறக்கி பழகின நமக்கு இது கசக்கும். ரஷ்ய கம்போசர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் சொன்ன ஒரு பழைய கணக்கு இன்னும் ஓடுது: பலமா வாசிக்கும்போது ஒரு ட்ரம்பெட் ரெண்டு ஹார்னுக்கு சமம், ஒரு ஹார்ன் ரெண்டு வுட்விண்டுக்கு (ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், பஸ்ஸூன்) சமம். அப்ப ஒரு ட்ரம்பெட்டுக்கு நேரா ஒரு ஃப்ளூட்டை நிறுத்தினா என்ன ஆகும்னு நீங்களே போட்டுப் பாருங்க. மெல்லமா வாசிக்கிற இடத்துல இந்த வித்தியாசம் நிறைய குறையும்.

அதைவிட முக்கியம் உயரம். ஃப்ளூட்டோட கீழ் ஸ்தாயி மெல்லிசா காத்தோட இருக்கும், மேல போகப் போக துளைக்கும். ஓபோ இதுக்கு நேர் எதிர், கீழ போனா கரகரன்னு தடிமனா வரும், அங்க போயி "ரொம்ப மெல்ல"ன்னு எழுதினா திட்டு விழும். எனக்கு விழுந்துச்சு. கம்ப்யூட்டர் மாக்கப்ல (பதிவு பண்ணின சாம்பிள் வெச்சு வாசிச்சுக் காட்டறது) கீழ் ஸ்தாயி ஃப்ளூட் சோலோ, பின்னாடி மொத்த ஸ்ட்ரிங்ஸ், தேன் மாதிரி இருந்துச்சு. சாம்பிள் எடுத்தவங்க மைக்கை ஃப்ளூட் வாய்கிட்ட வெச்சு எடுத்திருக்காங்கன்னு எனக்கு உறைக்கவே இல்ல. நேர்ல வாசிச்சப்ப ஃப்ளூட்காரர் கன்னம் உப்பி வாசிக்கிறது கண்ணுக்கு தெரிஞ்சுது, காதுக்கு ஒண்ணும் வரல. அன்னிக்கே ஒரு ஆக்டேவ் ஏத்தி பென்சில்ல மாத்திக்கிட்டோம். மாக்கப் சுரம் தப்பா ரைட்டான்னு பார்க்க மட்டும்தான், பேலன்ஸ் பார்க்க அதை நம்பாதீங்க.

எழுதும்போது மறக்கற சில்லறை விஷயங்க, மொத்தமா சொல்லிடறேன்

பி ஃப்ளாட் கிளாரினெட்டுக்கு எழுதினதைவிட ஒரு டோன் கீழ கேக்கும், எஃப் ஹார்ன் அஞ்சாம் சுரம் கீழ, டபுள் பேஸ் ஒரு ஆக்டேவ் கீழ, பிக்கலோ ஒரு ஆக்டேவ் மேல. சாஃப்ட்வேர் தானா மாத்தும்தான், ஆனா ஸ்கோரை "கேக்கற சுருதி" மோட்ல வெச்சுட்டு பார்ட்டையும் (ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் தனியா குடுக்கற நோட்டு) அப்படியே பிரிண்ட் போட்டா போச்சு. வயலின் மிடில் சி-க்கு கீழ இருக்கிற ஜி-யைத் தாண்டி இறங்காது, மெலடி அதுக்கும் கீழ போனா வியோலாவுக்கு கை மாத்துங்க, இல்ல மொத்த பீஸையும் வேற சுருதிக்கு நகர்த்துங்க. கருப்புக் கட்டையா வர்ற சுருதி பியானோ விரலுக்கு சுகம், ஸ்ட்ரிங்ஸுக்கு ஜி, டி, ஏ மாதிரி சுருதிதான் சுகம், ஏன்னா சும்மா விட்ட கம்பிங்களும் கூட சேர்ந்து அதிரும்.

ஊதற மனுஷனுக்கு மூச்சு வேணும். உங்க மெலடியை நீங்களே ஒரே மூச்சுல பாடிப் பாருங்க, முடியலைன்னா ரெண்டு பேருக்கு பிரிச்சு குடுங்க. ஹார்ப்ல ஏழு பெடல், சுரத்துக்கு ஒண்ணு, ஒவ்வொண்ணுக்கும் மூணு நிலை, அதனால கீபோர்டுல மாதிரி எல்லா அரை சுரமும் வரிசையா ஓடற வேலை அங்க ஆகாது. ஸ்ட்ரிங்ஸுக்கு ஸ்லர் போடறது வில் திரும்பற இடம், பியானோல போடற அழகு வளைவு இல்ல, பத்து பார் நீளத்துக்கு ஒரே ஸ்லர் போட்டா வில் பத்தாது.

பாட்டு வளரலாமா?

வளரலாம், உங்க பாட்டுதானே, யாரு கேக்கப் போறா. அடுத்தவங்க பீஸை அரேஞ்ச் பண்றவருக்கு கிடைக்காத உரிமை இது. மா மேர் லுவாவை 1912ல பாலேவா ஆக்கும்போது ராவெல் புதுசா ஒரு முன்னுரை, ஒரு புது நடனம், நடுவுல இணைப்புப் பகுதிகள்னு சேர்த்தார். இன்னொரு பிரெஞ்சு கம்போசர் பியர் பூலெஸ் கதை இன்னும் தூரம் போகுது. 1945ல, இருபது வயசுல, 'நொட்டேஷன்'னு பன்னெண்டு குட்டி பியானோ பீஸ் எழுதினார், ஒவ்வொண்ணும் பன்னெண்டே பார். முப்பது வருஷத்துக்கு மேல கழிச்சு அதை ராட்சச ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுத ஆரம்பிச்சார், முதல் நாலு 1980ல மேடை ஏறுச்சு, ஏழாவது 1999ல. மீதி ஏழு அவர் 2016ல இறக்கிற வரைக்கும் வரவே இல்ல. பியானோல ஒரு நிமிஷம் ஓடறது அங்க பல நிமிஷம் ஓடுது, விதையையும் மரத்தையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கிற மாதிரி.

நடைமுறைல நான் பார்க்கறது இது: பியானோல ஒரு கார்டு அடிச்சு தேயற வரைக்கும் காத்திருந்தோம்ல, அந்த மாதிரி இடங்கள் ஆர்கெஸ்ட்ராவுல சில சமயம் ரெண்டு பார் கூடுதலா கேக்கும், சில சமயம் ஒரு பார் கம்மியா. முதல் டிராஃப்ட்ல பார் எண்ணிக்கையை மாத்தாதீங்க, ரெண்டாவதுல தாராளமா வெட்டி ஒட்டுங்க.

ஒத்திகை

ஒவ்வொரு பார்ட்டையும் தனித்தனியா எடுத்து நீங்களே அந்த ஆளா உக்காந்து படிங்க. எழுபது பார் சும்மா இருந்துட்டு திடீர்னு நுழையணும்னா எண்ணிக்கை தவறும், அதனால முன்னாடி யாரு வாசிக்கிறாங்கன்னு குட்டியா ஒரு க்யூ போடுங்க. பக்கம் திருப்பற இடத்துல வாத்தியக்காரருக்கு ஒரு கை காலியா இருக்கா பாருங்க. பத்து பதினஞ்சு பாருக்கு ஒரு ரிஹர்சல் எழுத்து ஸ்கோர்லயும் பார்ட்லயும் ஒரே மாதிரி இருக்கணும், இல்லன்னா "எங்க இருந்து சார்?"லயே அரை மணி நேரம் போயிடும், அந்த அரை மணி நேரத்துக்கும் ஆள் கூலி நீங்கதான் குடுக்கறீங்க.

அங்க போயி கண்டக்டர் பக்கத்துல நின்னு பேசிக்கிட்டே இருக்காதீங்க, ஹால்ல பின் வரிசையில உக்காந்து கேளுங்க, பியானோ நோட்டையும் கையில வெச்சுக்கோங்க, ஏன்னா எங்கயோ ஒரு இடம் "பியானோலயே நல்லா இருந்துச்சே"ன்னு தோணும், அங்க மறுபடி நாலாவது வரியைத்தான் முதல்ல பார்க்கணும். எல்லாம் முடிஞ்சு அவங்க பெட்டியை மூடும்போது ஸ்டாண்டுல இருக்கிற பார்ட்டை எல்லாம் ஒண்ணு விடாம கேட்டு வாங்கிடுங்க. வில் மாத்தினது, மூச்சு எடுத்த இடம், அழிச்ச ஸ்லர், ஓரத்துல போட்ட கேள்விக்குறின்னு அத்தனையும் அவங்க பென்சில்ல இருக்கும். அடுத்த டிராஃப்டை அதைப் பார்த்து எழுதுங்க.